தெற்கே போகும் வழியில் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலிக்கோ தென்காசிக்கோ போகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கடைப் பெயர்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கடை கைமாறும், மாஸ்டர் வேறு ஊருக்குப் போய்விடுவார். எந்த ஊரில் எந்தப் பொழுதில் எது சூடாக இறங்கும் என்பது மட்டும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே கடிகாரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

ரயிலில் போகும்போது வீட்டுச் சாப்பாடா, வாங்கிச் சாப்பிடுவதா?

இரவு வண்டி என்றால் வீட்டுச் சாப்பாடு. எழும்பூரில் ஏறி, தாம்பரம் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்து, செங்கல்பட்டுக்குள் கைகழுவிவிடுவதுதான் காலங்காலமாக நடந்து வருவது. விழுப்புரம் வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்கள். 10 மணிக்கு மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு தோசையைப் பிய்த்தால் யாருக்கும் பிடிக்காது.

பகல் வண்டி என்றால் காலைச் சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றதை வழிக்கு விட்டுவிடுங்கள். பகலில் போகிறவர் முழுச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வந்தால், கண்ணெதிரே முறுக்கும் வெள்ளரியும் போகும்போது வயிற்றில் இடமிருக்காது.

எதைக் கட்டிக்கொண்டு போனால் கெடாது?

முதலிடம் புளியோதரைக்கு. புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. காலையில் கிளறியது இரவுக்குத்தான் ருசி ஏறும். மறுநாள் காலை வரை தாங்கும். செய்முறையில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சோற்றை வடித்ததும் அகலத் தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு, ஆவி முழுக்கப் போகும்வரை விட்டுவிட வேண்டும். அதன் பிறகுதான் புளிக்காய்ச்சல். வண்டிக்கு நேரமாகிறது என்று சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த நீர் சோற்றில் சொட்டும். கெட்டுப்போவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது பொடி இட்லி. ஆறிய இட்லியின் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டினால் மதியம் வரை கவலையில்லை. சட்னி எடுத்துப்போகாதீர்கள், தேங்காய் அரைத்த எதுவும் ரயில் வெயிலுக்கு ஆகாது. சப்பாத்திக்கு உருளைக்கிழங்கைவிடத் தக்காளித் தொக்கு மேல்.

தயிர்சோற்றில் ஒரு கைப்பக்குவம் உண்டு. சோற்றைக் குழைய வடித்து, நிறையக் காய்ச்சிய பாலை ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட வேண்டும். சாப்பிடும் நேரத்தில் அது தானே உறைந்து, புளிப்பு அளவாக இருக்கும். தயிரை அள்ளிக் கொட்டிப் பிசைந்தது மதியத்துக்குள் பல்லைக் கூச வைக்கும்.

அவித்த முட்டையை ஏ.சி. பெட்டியில் உரிப்பவர்கள் பக்கத்து இருக்கைக்காரரின் சாபத்தையும் சேர்த்துத்தான் தின்கிறார்கள். ஜன்னல் திறக்கும் பெட்டியில் பரவாயில்லை.

ரயிலிலேயே ஓட்டல் சாப்பாட்டை வரவழைக்கலாமாமே?

வரவழைக்கலாம். ஐ.ஆர்.சி.டி.சி.யின் இ-கேட்டரிங் சேவையில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால், வழியில் எந்தெந்த நிலையத்தில் எந்தெந்த ஓட்டல் என்று காட்டும். 1323 என்ற எண்ணில் தொலைபேசியிலும் சொல்லலாம். சாப்பாடு இருக்கைக்கே வந்துவிடும்.

வண்டி அதிக நேரம் நிற்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். திருச்சி, மதுரை போன்ற சந்திப்புகளில் கொண்டுவருபவருக்கு உங்கள் பெட்டியைக் கண்டுபிடிக்க நேரம் இருக்கும். ஓடிவந்து ஜன்னல் வழியாக நீட்டும் பொட்டலத்தில் சாம்பார் இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. பிரியாணி, எலுமிச்சைச் சோறு, சப்பாத்தி மாதிரி சிந்தாதவற்றையே சொல்லுங்கள்.

வந்தே பாரத்தில் சாப்பாடு எப்படி?

சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கும். வேண்டும் என்றால் இருக்கைக்குத் தட்டு வரும், பசி அடங்கும். அதைத் தாண்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கதவு தானாக மூடிக்கொள்ளும் வண்டி, நிலையத்தில் நிற்பதும் சில நிமிடம்தான் என்பதால் இறங்கி வாங்குவதற்கு வழியே இல்லை. நேரம் முக்கியமானவர்கள் அதில் போகலாம். தின்றுகொண்டே போக நினைப்பவர்களுக்குச் சாதாரண எக்ஸ்பிரஸ்தான் சரி.

எந்த நிலையத்தில் எதை வாங்குவது?

திருச்சி தாண்டியதும் மணப்பாறை. முறுக்கு ரயில் வழியாகவே பெயர் வாங்கிய ஊர் இது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அரிசிமாவு, உளுந்துமாவு, சீரகம், எள் எல்லாம் எங்கும் கிடைப்பவைதான். சற்று உப்புக் கரிக்கும் எங்கள் ஊர்த் தண்ணீரில்தான் இருக்கிறது சூட்சுமம் என்று மணப்பாறைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். எல்லா வண்டியும் அங்கே நிற்காது. நிற்காவிட்டாலும் திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ ஏறும் வியாபாரிகளின் கூடையில் அது வந்துவிடும். வாங்கும் முன் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். மொறுமொறுவென்று சிதற வேண்டும். வளைந்து கொடுத்தால் பழசு.

மதுரை தாண்டி, விருதுநகருக்கு அடுத்தது சாத்தூர். அங்கே இரண்டு சரக்கு: காராச்சேவு, வெள்ளரிப் பிஞ்சு. காராச்சேவு வருஷம் முழுக்கக் கிடைக்கும். பூண்டும் மிளகாயும் தூக்கலாக, கையில் எண்ணெய் ஒட்டும். வெள்ளரி கோடையின் பொருள். கரிசல் மண்ணில் விளைந்த விரல் நீளப் பிஞ்சை நான்காகக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவி ஜன்னலில் நீட்டுவார்கள். பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த காலத்துப் பெரியவர்கள், சாத்தூர் வரும் வரை தாகத்தை அடக்கி வைத்திருந்த கதையைச் சொல்வார்கள்.

அடுத்தது கோவில்பட்டிக் கடலைமிட்டாய். புவிசார் குறியீடு 2020-ல் வந்தது. கரிசல் காட்டுக் கடலை, வெல்லப்பாகு. பாகுப் பதம்தான் இதில் எல்லாம்: பல்லில் ஒட்டினால் பதம் குறைவு, பல்லை உடைத்தால் பதம் மிஞ்சிவிட்டது. நல்ல மிட்டாய் கடித்ததும் கடலைக்குக் கடலையாகப் பிரியும்.

அதற்கும் தெற்கே கடம்பூர், போளிக்குப் பெயர்போனது. சின்ன நிலையம், வண்டி நின்று, போளித் தட்டும் வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். போளி சூடாக இருக்கும்வரைதான் போளி. ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தால் வறண்டுவிடும்.

செங்கோட்டைக்குப் போகும் வண்டி விருதுநகரில் பிரிந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும். அந்த வழிக்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லாத பண்டம். 2019-ல் இதற்கும் குறியீடு கிடைத்தது. விறகடுப்பில் கிண்டிய பால்கோவாவில் லேசாகப் புகைவாசம் தெரியும். அதுதான் எனக்குப் பிடித்தது.

பஸ் நிறுத்தும் வழியோர ஓட்டலில் சாப்பிடலாமா?

வேறு வழியில்லாதபோது சாப்பிடலாம். நடுராத்திரியில், ஊரே இல்லாத இடத்தில், ஒலிபெருக்கியில் பாட்டு அலறும் ஒரு கொட்டகை முன்னால் பஸ்ஸை நிறுத்தி "பத்து நிமிடம்" என்பார்கள். அப்படி ஓர் இடத்தில் எனக்குக் கொடுத்த பரோட்டாவை மறுபடி கல்லில் போட்டுச் சூடாக்கியிருந்தார்கள். குருமாவோ ஆறிக் கிடந்தது. விலை மட்டும் பட்டணத்து விலை. ஓட்டுநரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர் அல்ல.

அங்கே எனக்குத் தெரிந்த பாதுகாப்பான மூன்று: கண்ணெதிரே ஊற்றும் தோசை, கண்ணெதிரே உடைக்கும் முட்டையில் ஆம்லெட், வாழைப்பழம். சட்னியைத் தொடாதீர்கள். டீ கொதித்துக்கொண்டே இருப்பதால் ஆபத்தில்லை, ருசியும் இல்லை.

காரில் போகிறோம். நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்துவது?

நெடுஞ்சாலையில் நிறுத்தாதீர்கள், ஊருக்குள் போங்கள். நான்கு வழிச்சாலை வந்த பிறகு திண்டிவனம், விழுப்புரம், திண்டுக்கல், விருதுநகர் எல்லாவற்றுக்கும் புறவழிச்சாலை வந்துவிட்டது. நல்ல கடைகள் பழைய பேருந்து நிலையத்துக்கும் கடைவீதிக்கும் பக்கத்திலேயே இருந்துவிட்டன. புறவழிச்சாலையில் இருப்பவை வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும் உள்ள பெரிய கூடங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவும் தேவைதான். கழிப்பறைக்கு அங்கே நிறுத்துங்கள், சாப்பாட்டுக்கு ஊருக்குள் திரும்புங்கள். அதிகம் போனால் அரைமணி நேரம் கூடும்.

வழியெல்லாம் "கும்பகோணம் டிகிரி காப்பி" பலகை இருக்கிறதே, நம்பலாமா?

பித்தளை டவரா செட்டை மட்டும் நம்பலாம். காப்பி ஒரு கடைக்கு ஒரு மாதிரி இருக்கும். டிகாக்ஷன் புதிதாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு டோக்கன் வாங்குங்கள். அதிகாலையில் நன்றாக இருக்கும் அதே கடை, பிற்பகலில் தண்ணீர் விட்ட இரண்டாம் டிகாக்ஷனைக் கொடுக்கக்கூடும்.

திண்டுக்கல்லில் பிரியாணி எப்போது சாப்பிடுவது?

பகல் 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில், தம் உடைத்த முதல் அண்டாவில். சீரகச் சம்பா அரிசி சிறியது, மசாலாவை நன்றாக உறிஞ்சும். ஆனால் நேரம் போகப் போகக் கட்டிதட்டும். மிளகாயைவிட மிளகுக் காரம் எடுப்பாக இருப்பது திண்டுக்கல் பாணி. இந்தப் பாணியை ஊர் ஊராகக் கொண்டுபோன தலப்பாக்கட்டிக் கடை 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் ஆரம்பித்தது. அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பெயராகிவிட்டது. இப்போது அதே சாயலில் பலகைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. திண்டுக்கல்லிலேயே சாப்பிடுகிறவர் பெயரைத் தேடி அலைய வேண்டாம். மதியம் உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக நிற்கும் கடையே போதும்.

மதுரையில் ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

காலையில் இட்லி. மல்லிகைப்பூ மாதிரி என்று எல்லோரும் சொல்வதை நான் சொல்லப்போவதில்லை. நாலைந்து வகைச் சட்னியோடு வரும். அத்தனையையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றில் நிலைகொள்ளுங்கள்.

மதியம் சுமாராகச் சாப்பிடுங்கள். வெயில் சாயும்போது விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்க வேண்டும் அல்லவா? முதலில் ஊறவைத்த பாதாம் பிசின், கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு தம்ளரின் அடிக்குப் போகும். மேலே நன்னாரி சர்பத், பிறகு சுண்டக் காய்ச்சிய பழுப்புப் பால், கடைசியில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கலக்காமல் குடித்தால் ஒவ்வொரு மிடறும் வேறு ருசி. கலக்கிக் குடிப்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இதை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பவர்கள்தான் "திகட்டுகிறது" என்று குறை சொல்வார்கள்.

இருட்டிய பிறகு கறிதோசை. கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே மசாலாக் கறி, மூன்றும் ஒன்றாகக் கல்லில் வெந்து வரும். ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள். அதன்பிறகும் ஊர் விழித்திருக்கிறது.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் செங்கோட்டை பார்டர் பரோட்டாவும் ஒன்றா?

இல்லை. விருதுநகரில் பொரிப்பார்கள். எண்ணெய் தேங்கி நிற்கும் கல்லில், உள்ளங்கையளவு பரோட்டாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வேகும். ஓரம் சிவந்ததும் மாஸ்டர் நாலைந்தைச் சேர்த்து எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார். ஏடு ஏடாகப் பிரிந்துகொள்ளும். இலையில் விழுந்ததும் நாமே நொறுக்கி, அதன் மேல் சால்னாவை ஊற்றி, மொறுமொறுப்பு போவதற்குள் அள்ளிவிட வேண்டும்.

பார்டர் பரோட்டா செங்கோட்டைக்குப் பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டிய பிரானூரில். பரோட்டா மெத்தென்று இருக்கும்; அங்கே நாயகன் நாட்டுக்கோழி. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற பசிக்கு ஈடு கொடுக்கும் காரம். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். வார நாளில் போங்கள்.

இரண்டுமே மைதா என்று நினைவூட்டுகிறவர்களை உடன் அழைத்துப் போகாதீர்கள்.

திருநெல்வேலி அல்வா: எது உண்மையானது?

சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டியது உண்மையானது. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு பிரபலமான பெயரோடு முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஓர் எழுத்து சேர்த்த கடைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் சில நன்றாகவே கிண்டுகின்றன.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். சரக்குத் தீர்ந்ததும் அடைத்துவிடுவார்கள். காலை வண்டியில் இறங்கி நேராக அங்கே போய்ப் பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அநேகம். 4 மணி சுமாருக்கே டவுணுக்கு வந்து, கோயிலைப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

கால்கிலோ பொட்டலம் கட்டச் சொல்வதற்கு முன், நூறு கிராம் சூடாக வாங்கி நின்றபடியே தின்னுங்கள். சூட்டில் அது வழுக்கிக்கொண்டு போகும். மெல்ல வேண்டியதே இல்லை. விரலில் வழியும் நெய்யைத் துடைக்கக் காகிதம் போதாது. அதன்பிறகு ஒரு கை மிக்சர். ஊருக்குக் கொண்டுபோன அல்வாவை ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து வெள்ளை பூக்கும். கெட்டதில்லை; லேசாகச் சூடு காட்டினால் சரியாகிவிடும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு நெல்லையில் அல்வாவைத் தவிர என்ன?

சொதி. தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தில் இதுதான் தலைமை. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம். எல்லா ஓட்டலிலும் எல்லா நாளும் கிடைக்காது, விசாரித்துக்கொண்டு போங்கள். நெல்லைக்காரர் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், "எதற்குச் சிரமம்" என்று சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

குறைந்த செலவில் சாப்பிட வழி?

சில ரயில் நிலையங்களில் பொதுப் பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராக 20 ரூபாய்க்குப் பூரியும் உருளைக்கிழங்கும் விற்கிறார்கள். மாநகரங்களில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்கள் இருக்கின்றன. இட்லி ஒரு ரூபாய். கோயில்களில் மதிய அன்னதானம் உண்டு. ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் 2012 முதல் நாள் முழுக்க நடக்கிறது. சங்கடப்பட ஒன்றுமில்லை, கார் வைத்திருப்பவரும் அதே பந்தியில்தான் உட்காருகிறார்.

பில்லில் எதைக் கவனிக்க வேண்டும்?

சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். எளிய வரித்திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் அதை உங்களிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. "சேவைக் கட்டணம்" என்று ஒரு தொகை சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற 2022-ஆம் ஆண்டு விதிமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் ஒரு நுணுக்கம் உண்டு. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. பேருந்து நிலையப் பெட்டிக்கடைக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே கூடுதலாகக் கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரயில் நிலையங்களில் ஒரு லிட்டர் ரயில் நீர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். 15 கேட்டுவிட்டுச் சில்லறை இல்லை என்பார்கள்.

வழியில் வயிறு கெட்டால்?

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிச் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அன்றைக்கு இட்லி, மோர்சோறு, வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சலோ ரத்தமோ கண்டால் அடுத்த ஊரில் இறங்கி மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகள் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

கடலைமிட்டாயும் காராச்சேவும் வாரக்கணக்கில் இருக்கும். முறுக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். அல்வா ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். பால்கோவாவைப் போய்ச் சேர்ந்த அன்றே பங்கு போட்டுவிடுங்கள். தூத்துக்குடி வழியாகத் திரும்பினால் மக்ரூன்: முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, வாயில் வைத்தால் கரையும். பையின் அடியில் வைத்தால் தூளாகத்தான் வீடு சேரும். மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். முட்டை சேர்ந்தது என்பதைச் சைவக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.